லைன் கிளியர் அவர் பேரில் இருந்தது

இந்த நாற்காலிக்கு யாராவது வருகிறார்களா? இல்லையே. அப்படியானால் உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் டோக்கன் எத்தனை? பதினேழா. எங்களுடையது பதினொன்று. இப்போது ஒன்பது ஓடுகிறது. அந்த ஒன்பதாம் நம்பர் ஆள் அரை மணி நேரமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், லேப்டாப்பைத் திறந்தா படமெல்லாம் போயிடுமா, படமெல்லாம் போயிடுமா என்று. போகாது சார் என்று ரிப்பேர் பார்க்கிற அந்தப் பெண்ணும் நாலு தடவை சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் இரண்டாவது தடவையே போயிடும் என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

உங்களுக்கு என்ன பிரச்சினை? கீபோர்டில் குழந்தை பாலைக் கொட்டிவிட்டதா. அது பரவாயில்லை. குழந்தை செய்தால் அதற்குப் பெயர் விபத்து. அறுபத்திரண்டு வயது ஆள் செய்தால் அதற்கு என்ன பெயர், சொல்லுங்கள் பார்ப்போம்.

அதோ கவுண்டரில் நிற்கிறாரே, கட்டம் போட்ட சட்டை, கக்கத்தில் துணிப்பை. என் வீட்டுக்காரர். ஞானசேகரன். இத்தனை நாற்காலி காலியாக இருக்கிறது, உட்கார மாட்டார். நம் பொருள் உள்ளே போகும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டுமாம். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஜினியராக இருந்தவர். பாதி மாவட்டத்துக்கு வெளிச்சம் கொடுத்த கை. அந்தக் கை நேற்று எங்கள் வீட்டு லேப்டாப்பைத் தொட்டது, அது அணைந்தது. அவ்வளவுதான் கதை.

குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தப் புடவையைப் பார்த்துவிட்டு ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவள் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? இது டெமோவுக்குக் கட்டியது. இன்று பன்னிரண்டு மணிக்கு எனக்கு டெமோ வகுப்பு. பெங்களூரில் ஒரு கம்பெனி, குழந்தைகளுக்கு லேப்டாப் வழியாகவே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார்கள். டீச்சர் அவரவர் வீட்டில், குழந்தை அதன் வீட்டில். முதலில் பதினைந்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஐம்பத்து நாலு வயது. பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு டேர்ம் வேலை பார்த்தேன். அப்புறம் முப்பது வருஷம் எங்கள் வீட்டில் நான் திருத்தாத இங்கிலீஷ் இல்லை, ஆனால் யாரும் அதை வேலை என்று சொன்னதில்லை.

எனக்கு ஒன்றும் பதற்றமில்லை. காலையில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன், அது வேறு விஷயம்.

லேப்டாப் எங்கள் பையன் சஞ்சீவ் காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் புனேவில் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கிக்கொண்டான், இது எனக்கு வந்தது. நல்ல பெட்டிதான், ஆனால் எழுந்திருக்காது. பட்டனை அமுக்கிவிட்டு அரிசி களைந்து குக்கர் வைத்தால், சாதம் வெந்து, ரசம் நுரை கட்டி, அப்பளமும் பொரித்த பிறகு ஒரு மலை, ஒரு ஏரி என்று படம் வரும். அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம்.

போன மாதமே ஒரு டெமோ நடந்தது. அரை மணி முன்னதாகவே திறந்து வைத்துவிட்டேன். எதிரே ரித்திகா என்று ஒரு பெண், சஞ்சீவ் வயதுதான் இருக்கும், அவள்தான் குழந்தை மாதிரி நடிக்கிறாள். மூன்று நிமிஷம் அருமையாகப் போயிற்று. நாலாவது நிமிஷம் எலிஃபன்ட் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெட்டி அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் அவளுக்கு என் வாய் மட்டும் திறந்தபடி பதினோரு நிமிஷம் தெரிந்திருக்கிறது. நான் இங்கே யானை, யானைக்குட்டி, தும்பிக்கை எல்லாம் முடித்துவிட்டேன். பிறகு அவளே போன் செய்தாள். மேடம், அந்த மூணு நிமிஷம் எங்களுக்குப் பிடிச்சிருந்தது, இன்னொரு தேதி தர்றோம், ஆனா அப்பவும் நின்னா அதுக்கப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது என்றாள். போனில் நடத்தக்கூடாது, லேப்டாப்தான் வேண்டும், அது அவர்கள் விதி.

அந்தத் தேதிதான் இன்று. இப்போது மணி பத்து இருபது. வீடு உறையூர். ஆட்டோவில் பத்து நிமிஷம். ஒன்பதாம் நம்பர் மனது வைத்தால் போய்விடலாம்.

சஞ்சீவிடம் சொன்னேன். அம்மா, புதுசு வேண்டாம், உள்ளே இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் பறக்கும் என்றான். அவனே ஒன்றை அனுப்பி வைத்தான். சீட்டுக்கட்டு நீள அகலம், ஆனால் அதில் பாதிக் கனம்கூட இல்லை. சனிக்கிழமை அவன் போனில் சொல்லச் சொல்ல இவர் ஒரு ஒயரில் அதைச் சொருகி, பழைய டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் அதற்குள் நகல் எடுத்தார். ஏழு மணி நேரம். அதுவரை எல்லாம் சரி. இனி பழையதைக் கழற்றிப் புதியதை அந்த இடத்தில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. கடையில் கொடுத்துவிடலாம் என்றேன். கேட்டாரா? நானே செய்றேன் வத்சலா, இது என்ன பெரிய வேலை என்றார்.

இவருக்கு இதில் என்ன அவ்வளவு ஆர்வம் என்று கேட்கிறீர்களா? எனக்கும் புரியவில்லை. இந்த வேலை விளம்பரத்தைப் பேப்பரில் கத்தரித்து என் கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் வைத்ததே இவர்தான். பத்து நாளாகத் தினமும் சாயங்காலம் எனக்கு எதிரே ஏழு வயதுப் பையனாக உட்காருகிறார். கையைக் கட்டிக்கொண்டு, எஸ் மிஸ், நோ மிஸ். மேங்கோவுக்கு முன்னால் 'அன்' போடுகிறார். முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலத்தில் ஃபைல் எழுதிய ஆள். என்னங்க இது என்றால், தப்பாச் சொன்னாத்தானே நீ திருத்திப் பழகுவ என்கிறார். இப்படி எரிச்சல் மூட்டுகிற மாணவனை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நேற்று.

எல்.சி. தெரியுமா உங்களுக்கு? லைன் கிளியர். கல்யாணமான புதிதில் எல்லாப் பெண்களுக்கும் கணவர் ஏதேதோ சொல்லியிருப்பார், எனக்கு இவர் எல்.சி.யைத்தான் சொன்னார். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் முதலில் சப்-ஸ்டேஷனில் எல்.சி. வாங்க வேண்டும். அங்கே லைனை நிறுத்தி, புத்தகத்தில் பேர், நேரம், கையெழுத்து. அந்த ஆள் கீழே இறங்கி வந்து, எல்லோரும் இறங்கியாச்சு என்று தன் கையால் எழுதித் திருப்பிக் கொடுக்கிற வரை யார் சொன்னாலும் லைனை ஏற்றக்கூடாது. வேறு யாரும் அதில் கை வைக்கவும் கூடாது. யார் பேரில் எல்.சி. இருக்கிறதோ, அந்த வேலையில் எது நடந்தாலும் அவர்தான் பொறுப்பு. கூட நின்ற ஆள் தப்புச் செய்தாலும் இவர் தலைதான். இதை நான் முப்பது வருஷத்தில் முந்நூறு தடவை கேட்டுவிட்டேன்.

ஆனால் லேப்டாப்புக்கு எல்.சி. வாங்கிய மனிதரை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு நோட்டை எடுத்து கோடு போட்டார். வேலை: லேப்டாப்பில் டிஸ்க் மாற்றுதல். எல்.சி. பெறுபவர்: ஞானசேகரன். வழங்குபவர்: வத்சலா. நான்தான் சப்-ஸ்டேஷனாம். கையெழுத்துப் போட்டால்தான் தொடுவேன் என்றார். கையில் கரண்டியோடு போட்டேன். சஞ்சீவ் போனில் தலையால் அடித்துக்கொள்கிறான், பேட்டரியைக் கழற்றினால் போதும்ப்பா என்று. இவர் போய் மெயினை இறக்கிவிட்டார். அதோடு விட்டாரா, மாடி வீட்டு மெயினையும் இறக்கிவிட்டார். பக்கத்தில் ஓடும் லைனையும் நிறுத்துவதுதான் முறையாம். கத்திரி வெயில், காலை பதினொரு மணி, ஃபேன் இல்லை.

ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, மர முக்காலியில் உட்கார்ந்து, ஸ்க்ரூக்களைக் கழற்றினார். மொத்தம் பன்னிரண்டு. என் இட்லித் தட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு குழிக்கு ஒன்றாக வைத்தார். எந்தக் குழி எந்த ஓட்டைக்கு என்று சாக்பீஸால் நம்பர் வேறு. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கவரிலிருந்து உருவி உள்ளே தள்ளினார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நானும் கேட்டேன். அப்போது பார்த்து மாடியிலிருந்து சுகந்தி கூப்பிட்டாள். எங்கள் குடித்தனக்காரி. மாவு பாதி அரைந்து கிரைண்டர் நின்றுவிட்டதாம். இவர் எல்.சி. நோட்டை எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்ல மேலே போனார். இருபது நிமிஷம். மோர் வேறு குடித்துவிட்டு வந்தார்.

அந்த இருபது நிமிஷம் நான் ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் சுத்தம் செய்தேன், அவ்வளவுதான்.

பின்னே என்ன, பெட்டி திறந்து கிடக்கிறது, உள்ளே ஒன்பது வருஷத்துத் தூசி. அதன் நடுவில் அந்தப் புதுப் பொருளை அம்மணமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கவர் தனியாக மேஜையில் கிடக்கிறது. நான் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் ஒலிவியா ஜூன் மாதம் முதல் வாரம் டெஸ்க் டெஸ்க்காக வருவார், அட்டை போடாத புத்தகம் கண்ணில் பட்டால் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார், செத்த எலியைத் தூக்குவது மாதிரி. புதுப் பொருள் கைக்கு வந்த அன்றே அட்டை போட வேண்டும். எங்கள் வீட்டில் ரிமோட் கவரில்தான் இருக்கிறது, ஆறு வருஷம் ஆகியும் நம்பர் அழியவில்லை. சோபாவின் பாலிதீனை நான் இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சத்தம் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

அதனால் அட்டை போட்டேன். பிடித்து இழுத்தேன், சுலபமாக வந்துவிட்டது. இவ்வளவு லூசாகவா வைப்பார் ஒரு இன்ஜினியர்? அந்தக் கவரையே அளவாக மடித்து, ஓரம் பிரியாமல் இருக்க ஜிக்ஜாக் கத்தரிக்கோலால் வெட்டி, மூலைக்கு செல்லோடேப் ஒட்டி, சொருகுகிற பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளினேன். இப்போது இறுக்கமாக இருந்தது. நான் வைத்தது ஆடவே இல்லை. மேல்மூடியையும் வைத்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டேன், கொஞ்சம் புடைத்த மாதிரி இருந்தது, ஆனால் அமர்ந்துவிட்டது. இவர் வந்து ஸ்க்ரூவை மட்டும் முடுக்க வேண்டியதுதான். பாவம், வேலை மிச்சம் என்று செய்தேன். இதையெல்லாம் போய் அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்களா? சொன்னால் எல்.சி. பிரசங்கம் முந்நூற்றி ஒன்றாவது தடவை.

வந்தார். நீயே மூடிட்டியா என்றார். ம் என்றேன். இட்லித் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினார். மெயினை ஏற்றினார். பட்டனை அமுக்கினார்.

கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை, தயவுசெய்து ஒன்றைப் பொருத்தவும் என்று நல்ல ஆங்கிலத்தில். 'ப்ளீஸ்' வேறு.

திரும்ப அமுக்கினார். திரும்ப ப்ளீஸ். ஏழு தடவை.

எனக்குக் கோபம் வராது. வந்தால் கொஞ்சம் பேசிவிடுவேன். ஊருக்கே கரண்ட் கொடுத்தவருக்கு ஒரு பெட்டிக்குக் கொடுக்கத் தெரியவில்லையா என்று கேட்டேன். கடையில் கொடுக்கச் சொன்னேனே, கேட்டீர்களா என்றேன். அவர் எட்டாவது தடவை பட்டனை அமுக்கினார். அதுதான் எனக்கு ஆகாது. அப்போதுதான் அதையும் சொன்னேன்.

"நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கல. அதான் வேணும்னே கெடுத்துட்டீங்க."

சொல்லியிருக்கக் கூடாதோ? நீங்கள் எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள். நேற்று என் நிலைமையில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு தரம் திறந்து பார்க்கிறேன் என்று கெஞ்சினார். ஒரு தடவை, ஒரே தடவை, கனெக்‌ஷன் சரியா உக்காந்திருக்கான்னு மட்டும் பார்க்கிறேன் என்றார். விடுவேனா. ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, எங்கே வைத்தேன் என்று உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன், ஒளித்து வைத்துவிட்டேன். இனி இந்தப் பெட்டியை நீங்கள் தொட்டால் பாருங்கள் என்றேன். பழைய டிஸ்க்கையாவது திரும்பப் போட்டுத் தரட்டுமா என்றார். எதற்கு, என் வாயை இன்னொரு பதினோரு நிமிஷம் திறந்து வைப்பதற்கா?

அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் நோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மெயின் ஏற்றியாச்சு, லேப்டாப் எல்.சி. மட்டும் நிலுவை என்று எழுதி வைத்திருக்கிறார். ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். சாயங்காலம் ஆறு மணி ஆனதும் வழக்கம் போல எனக்கு எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டீர்களா, பெட்டியே இல்லை, பாடம் மட்டும் வேண்டுமாம். நான் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன்.

குறை சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அப்பாடா, ஒன்பது கிளம்புகிறார். இல்லை, கிளம்பவில்லை, பில்லை மடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார். பத்தாம் நம்பர் வரவே இல்லை போல. பதினொன்று. எங்களுடையதுதான். அந்தப் பெண் பெயர் நஸ்ரீனாம், கெட்டிக்காரியாம், சுகந்தி சொன்னாள். பாருங்கள், மூடியை எப்படித் திறக்கிறாள். இட்லித் தட்டு எதுவும் கேட்கவில்லை.

என்ன, சிரிக்கிறாள்?

கொஞ்சம் பேசாமல் இருங்கள், கேட்கவில்லை. யார் சார் இதுக்குச் சட்டை தைச்சுப் போட்டது என்கிறாளா? அப்படியா கேட்டாள்? தூக்கிக் காட்டுகிறாள். இரண்டு விரலால்.

அது... கவர்தான். அதனால் என்ன. கவர் போட்டால் உள்ளே போகாதா? நன்றாகப் போனதே. நான் தள்ளினபோது ஆடவே இல்லை என்று சொன்னேனே.

முழுக்க உட்காரவே இல்லையாம். கவர் தடுத்துவிட்டதாம். அதனால்தான் பெட்டிக்கு டிஸ்க் இருப்பதே தெரியவில்லையாம்.

இவர் வாங்கிப் பார்க்கிறார். ஓரத்தைக் கட்டை விரலால் தடவுகிறார். ஜிக்ஜாக். எங்கள் வீட்டில் அந்தக் கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது, அது என் தையல் டப்பாவில் இருக்கிறது. இப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பார் பாருங்கள்.

பார்க்கவில்லை.

கேட்டீர்களா? என்ன சொன்னார் என்று உங்களுக்கும் கேட்டதா? "நான்தாம்மா போட்டேன்" என்றார். நீங்களும் கேட்டீர்கள் அல்லவா.

சரி. சொல்லிக்கொள்ளட்டும். அவர் வேலை, அவர் எல்.சி. எனக்கென்ன. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மணி பத்தே முக்கால். இப்போது போய்ப் பேசிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். அதுவுமில்லாமல் அவர் பேரில்தானே எல்.சி. இருந்தது. அதுதானே அவர்கள் முறை. முந்நூறு தடவை அவர்தானே சொன்னார்.

என்ன சொல்கிறாள் அந்தப் பெண்? ரிட்டயர் ஆனவங்க சும்மா இருக்க முடியாம இப்படித்தான் எதையாவது திறந்துடறாங்க என்கிறாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். இவரும் தலையை ஆட்டுகிறார். ஆட்டுகிறார் பாருங்கள். நூற்றுப்பத்து கேவி சப்-ஸ்டேஷனை ஒற்றை ஆளாகத் திரும்ப ஏற்றியவர், புயலின்போது மூன்று நாள் வீட்டுக்கே வராதவர், அங்கே நின்று ஆமாம்மா, தப்புத்தாம்மா என்கிறார். ஒன்பதாம் நம்பரும் சிரிக்கிறார். படமெல்லாம் போயிடுமா ஆள். இவரைப் பார்த்து அவர் சிரிக்கிறார்.

இல்லை, இது சரியில்லை. இவரைப் பேசுவதற்கு ஒரு ஆள்தான் இருக்கிறேன். முப்பது வருஷமாக நான் ஒருத்திதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா? இதோ வருகிறேன்.

*

பையைக் கொடுங்கள். ரொம்ப நன்றி. உட்காரவில்லை, கிளம்ப வேண்டும், ஆட்டோ பிடிக்க இவர் கீழே போயிருக்கிறார்.

உங்களுக்கு இங்கேயே கேட்டதா? நான் அவ்வளவு சத்தமாகவா பேசினேன்? வகுப்பு எடுக்கும் குரல் அது, சிஸ்டர் ஒலிவியா பழக்கியது, கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும். அட்டை போட்டது நான், இவருக்கு அது தெரியவே தெரியாது, இவர் வைத்தது சரியாகத்தான் வைத்தார், டக்கென்று சத்தம்கூடக் கேட்டது என்று சொன்னேன். ஒன்பதாம் நம்பரைப் பார்த்து, சார், உங்க படமெல்லாம் பத்திரமா இருக்கு, வீட்டுக்குப் போய்ப் பாருங்க என்றும் சொன்னேன். அது கொஞ்சம் அதிகம்தான்.

நஸ்ரீனுக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. இவர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"எல்.சி. என் பேர்ல இருந்துச்சு வத்சலா."

அவ்வளவுதான் சொன்னார். கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். தெரிந்தும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, யோசித்துப் பாருங்கள். நான் பார்த்திருப்பேன். நான் பார்த்து, ஊரையும் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கடையில் நாலு பேர் எதிரே அதெல்லாம் எதற்கு. ஸ்க்ரூடிரைவர் கோதுமை மாவு டப்பாவில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இதே ஆட்டல்தான், ஆனால் இது வேறு.

அந்தப் பெண் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் டிஸ்க்கைத் தள்ளினாள். டக். அதே சத்தம். பட்டனை அமுக்கினாள். நான் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் ஏரி வந்துவிட்டது. மலை வந்துவிட்டது. ரித்திகாவுடைய வகுப்புப் பக்கமும் திறந்துவிட்டது. இவ்வளவு வேகமாகத் திறக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? பெட்டி நின்றது, பெட்டி நின்றது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் நடுவில் நின்றால் அது நான்தான்.

ஆனால் நிற்க மாட்டேன். ஆட்டோவில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். மாணவன் கூடவேதான் வருகிறான். மேங்கோவுக்கு 'அன்' போடட்டும், திருத்துகிறேன்.

மணி பத்து ஐம்பத்தைந்து. எப்படிச் சரியாகத் தெரியும் என்கிறீர்களா? இப்போதுதான் எழுதினேன். கிளம்புகிற அவசரத்தில் இவர் துணிப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் கவுண்டரிலேயே விரித்துவிட்டார். எல்.சி.யைத் திருப்ப வேண்டுமாம். நேற்றிலிருந்து நிலுவையாம். எல்லோரும் இறங்கியாச்சு என்று அவர் எழுதினார், பெற்றுக்கொண்டேன் என்று நேரம் போட்டு நான் கையெழுத்துப் போட்டேன். சப்-ஸ்டேஷன் இல்லையா நான். இந்தத் தடவை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படித்துப் பார்த்துத்தான் போட்டேன், கரண்டி இல்லை என்றாலும்.

அதோ ஹாரன் அடிக்கிறார். வருகிறேன். உங்கள் கீபோர்டு நல்லபடியாக வரட்டும். வந்ததும் முதல் வேலையாக அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்... சரி, சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதுவா? அந்தக் கவர்தான். நஸ்ரீன் குப்பையில் போடப் போனாள், கேட்டு வாங்கிக்கொண்டேன். செல்லோடேப் கூடப் பிரியவில்லை. வீட்டில் அந்தப் பழைய டிஸ்க் வெறுமனே கிடக்கிறது, அதற்கு ஆகும்.